ரசச் சோறு

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் காலனியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய ஆள். உள்ளே வராமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய், "உள்ள வாங்க, உக்காந்து சாப்பிட்டுப் போலாம்" என்றேன். "இருக்கட்டும் சாமி" என்றார். மாலை போட்ட படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஐயா போட்ட ரசச் சோறு மாதிரி இனிமே யாரு போடப் போறாங்க." கண் கலங்கியிருந்தது. நானும் தலையாட்டினேன். துக்க வீட்டில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டத்தானே செய்வோம்.

ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தபோதுதான் அந்த வார்த்தை திரும்பி வந்தது. ரசச் சோறா? பெரியப்பாவின் அன்னதானம் என்றால் புத்தூர், திருத்தணி வரைக்கும் பேச்சு. ஆனால் பேச்சு முழுக்க சாம்பாரைப் பற்றித்தான். தருமராஜா கோயில் திருநாள் முடிகிற அன்று, பட்டாபிஷேகத்துக்குப் பிறகு போடும் சாப்பாடு அது. பூசணிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், வடை, சேமியா பாயசம். ரசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மோருக்கு முன்னால் வந்து போகும். சென்னையிலிருந்து வருகிற என் அத்தை மாப்பிள்ளை முதல் எங்கள் நூல் கடை முதலாளி வரை, ஒருவர்கூட அந்த ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியவருக்கு வயசாகிவிட்டது, வேறு எங்கோ சாப்பிட்டதை இங்கே சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தறிச் சத்தம் நின்ற பிறகும் காதில் ஓடுமே, அதுபோல அது ஓடிக்கொண்டே இருந்தது.

தர்மகர்த்தா வீடு

நகரி பக்கத்து ஊர் எங்களுடையது. 1960 ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். தெருவில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பாதான். திண்ணையில் உட்காரவைத்து, பாரதப் பிரசங்கத்துக்கு வைத்திருந்த பழைய புத்தகத்தை விரித்து, "து, ரி, யோ" என்று விரலை ஓட்டுவார். ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால் அடிக்கமாட்டார், மறுபடி முதலிலிருந்து என்பார். அடியே மேல். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அவர் போட்ட பிச்சை. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலைத் தருமராஜா கோயில் என்றுதான் சொல்வோம். பதினெட்டு நாள் பாரதம், அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். அந்தக் கோயிலுக்கு எங்கள் வீடு மூன்று தலைமுறையாக தர்மகர்த்தா. சட்டப்படி பார்த்தால் 1987-லேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆந்திராவில் வந்த அறநிலையச் சட்டம் பரம்பரை தர்மகர்த்தா உரிமையை ஒரேயடியாக ரத்து செய்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கோயிலை உண்டாக்கிய குடும்பத்தில் ஒருவருக்குக் குழுவில் தலைமை இடம் தரலாம் என்று ஒரு சின்ன வழியை மட்டும் திறந்து வைத்தது. அரை மணி பஸ்ஸில் எல்லையைத் தாண்டினால் கதையே வேறு. தமிழ்நாட்டின் 1959 சட்டத்தில் பரம்பரை அறங்காவலருக்கு இன்னும் இடம் இருக்கிறது. திருத்தணி பக்கம் எங்கள் சம்பந்தி வீட்டுக்காரர் அப்படி ஒருவர், கோயில் பலகையில் பெயர் இருக்கிறது. கல்யாணங்களில் சந்தித்தால் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத்தான் உத்தியோகம் போயிடுச்சே" என்பார். பெரியப்பாவும் சிரிப்பார். உண்மையில் ஒன்றும் போகவில்லை. ஊருக்கு வரும் இ.ஓ., அதாவது அறநிலையத் துறையின் நிர்வாக அதிகாரி, பத்துப் பதினைந்து கோயிலுக்குச் சேர்த்து ஒருவர். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காப்புக் கட்டுவது, கூத்து வாத்தியாருக்கு வெற்றிலைபாக்கு வைப்பது, அண்டாவை எப்போது இறக்குவது என்பதெல்லாம் பெரியப்பாதான்.

அந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. முதல் தீர்த்தம், உடைத்த தேங்காயில் ஒரு மூடி, கூத்து பார்க்க மேடை ஓரத்தில் பாய். அன்னதானத்தில் முதல் பந்தி. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானம் தூங்கி எழுந்தால் சாயங்காலம் கோயில் வாசலில் அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள். இருபத்தைந்து வருடமாக எனக்கு அந்த அன்னதானம் என்றால் அந்த இரண்டு காட்சிகள்தான். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்து ஆறேழு மாதத்தில் கோயில் குழு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கறுப்பு கிரானைட்டில் ஒரு பலகை வைக்கலாம் என்று யோசனை. "பரம்பரை தர்மகர்த்தா இன்னாரின் நினைவாக, அன்னதானம்" என்று மேலே தமிழ், கீழே தெலுங்கு. "நீங்கதான் எழுதுவீங்களே அண்ணா, நாலு வரி அழகா எழுதிக் குடுங்க" என்றார்கள். நாலு வரிதானே, நாளைக்கே தருகிறேன் என்று சொன்னேன். அதை இன்றுவரை எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லப்போனால் நடுவில் ஒரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும்.

நேத்ராவதிக் கரை

என் சகலை பெங்களூரில் இருக்கிறார். அவர் வீட்டில் கர்நாடகத்து தர்மஸ்தலா மஞ்சுநாத சுவாமிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. 2024-ன் தொடக்கத்தில் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். திருப்பதி மலை அடிவாரத்தில் இருப்பவன் எதற்காக மலைத்தொடரைத் தாண்டி இன்னொரு கோயிலுக்குப் போகவேண்டும் என்று கேட்டதற்கு அவர் ஒரு கன்னடப் பழமொழியை எடுத்துவிட்டார்: "மாத்து பிட மஞ்சுநாத, காசு பிட திம்மப்பா." கொடுத்த வாக்கை விடமாட்டான் மஞ்சுநாதன், காசை விடமாட்டான் திம்மப்பன். திம்மப்பன் என்றால் நம்ம ஏழுமலையான்தான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "வாக்குக்கு எங்க ஊர்ல காணிப்பாக்கம் இருக்கு, குளத்துல முங்கிட்டு பிள்ளையார் முன்னாடி பொய் சொல்லிப் பாருங்க" என்று பதில் சொல்லி ஊர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ராத்திரி பஸ். ஹாசன், சக்லேஷ்பூர் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது குடலே புரண்டது. விடிகாலையில் நேத்ராவதியில் குளித்துவிட்டு வரிசையில் நின்றோம். அந்த ஊரில் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது ஒன்றுதான். சாமி சிவன். பூஜை செய்பவர்கள் மாத்வ வைஷ்ணவர்கள். கோயிலை நடத்துவதோ ஒரு சமணக் குடும்பம். ஹெக்கடே என்ற பட்டம், தலைமுறை தலைமுறையாக. நம் பக்கத்தில் ஆற்காட்டுக்கு அருகே சமணர் குகைக்குப் பஞ்சபாண்டவர் மலை என்று பேர் வைத்து, யார் இருந்தார்கள் என்பதையே மறந்துவிட்டோம். அங்கே மறக்காமல் ஒரே முற்றத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைய தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடே. 2022-ல் இளையராஜாவோடு சேர்த்து மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட நாலு பேரில் ஒருவர் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். 1968 அக்டோபரில் அப்பா இறந்ததும் பட்டத்துக்கு வந்தார். இருபது வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. வரிசையில் 21-வது ஆள். இந்த வயதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. இருபது வயசுப் பையனுக்குக் காலேஜ், சினிமா, கிரிக்கெட் என்று இருக்கும். அவனைக் கூட்டிவந்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இனி சாகும்வரை இதுதான் உன் இடம், ஊர் வழக்கெல்லாம் உன் வாசலுக்குத்தான் வரும் என்றால் எப்படி இருக்கும்? அங்கே ஹெக்கடேயின் முன்னால் குடும்பச் சண்டை, நிலத் தகராறு, கடன் பாக்கி என்று கொண்டுவந்து வைத்துத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ந்தது ஏராளம் என்கிறார்கள்.

ஒரே ஆள் ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. எங்கள் இ.ஓ. மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார். அவரால் ஒரு சுற்றுச்சுவர் கட்ட முடியும். சுவரைத் தாண்டி எதுவும் முடியாது. இங்கே பாருங்கள், 1972-ல் வரதட்சணை இல்லாத இலவசத் திருமணம் என்று ஆரம்பித்தார்கள். புடவை, வேட்டி, தாலி எல்லாம் கோயில் தருகிறது. (நெசவு ஊர்க்காரன் புத்தி, நான் அந்தப் புடவை எந்த ஊர் நெசவு என்றுதான் முதலில் விசாரித்தேன். சரியான பதில் கிடைக்கவில்லை.) வருடா வருடம் நடந்து, ஆயிரக்கணக்கான ஜோடிகள் ஆகிவிட்டது. 1982-ல் பெல்தங்கடி தாலுகாவில் கிராம அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்று. அதில் எனக்குப் பிடித்தது பிரகதிபந்து என்ற குழு. ஐந்தாறு சிறு விவசாயிகள் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் ஒருவர் நிலத்தில் எல்லோரும் உழைப்பார்கள். அடுத்த வாரம் அடுத்தவர் நிலம். காசு கைமாறாது, உடம்பு உழைப்புதான் முறைவைத்துச் சுற்றிவரும். கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லாதவனுக்கு இதைவிடப் பெரிய தானம் எது? தவிர, கொடுக்கிறவன் வாங்குகிறவன் என்று அதில் இரண்டு ஆளே இல்லை. அதே திட்டம் பிற்பாடு சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்துகொடுக்கிற பெரிய அமைப்பாகிவிட்டது. வட்டியைப் பற்றியும் வசூலைப் பற்றியும் குறை சொல்பவர்கள் உண்டு. ஊர் ஊராக ஒரு வாரம் உட்காரவைத்துக் குடியை விடவைக்கும் முகாம்களும் நடத்துகிறார்கள். எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று வந்தால் எத்தனை தறி நிற்காமல் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மத்தியானம் கோயிலின் அன்னதானக் கூடமான அன்னபூர்ணாவில் சாப்பாடு. பெரிய கூடம். தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு இடப்பக்கம் ஹுப்ளி பக்கத்து விவசாயக் குடும்பம், வலப்பக்கம் யாரென்றே தெரியாத ஒரு இளைஞன். தள்ளுவண்டியில் சோறு வந்தது, சாறு என்று அவர்கள் சொல்லும் ரசம் வந்தது, இன்னொரு குழம்பு, பாயசம், மோர். ஒரு ஆள் முகத்தையே பார்க்காமல் விறுவிறுவென்று ஊற்றிக்கொண்டு போனார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊர்ப் பந்தியில் பரிமாறுகிறவன் முகத்தைப் பார்ப்பான். யார் வீட்டு ஆள் என்று பார்த்துத்தான் கரண்டியின் ஆழம் முடிவாகும். சாப்பிட்டுக்கொண்டே சகலையிடம் கேட்டேன், "இதெல்லாம் யார் பணம்?" அவர் தலை நிமிராமல் சொன்னார்: "யார் பணமா இருந்தா என்ன? சோறு சூடா இருக்குதா இல்லையா?"

சூடாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி போகவில்லை. உண்டியலில் போட்டது ஹுப்ளிக்காரரும், நானும், என் சகலையும். சோறு போட்டது ஹெக்கடே என்று ஊர் சொல்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. காசு எல்லோரிடமும் இருக்கிறது. அதைச் சோறாக மாற்றி, தினமும் தவறாமல், யார் வந்தாலும் என்று நடத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் போய்ச் சேர்வது நியாயம்தான் என்று ஒரு மனம். பெயர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்கக்கூட வாய் வராதே என்று இன்னொரு மனம். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே வந்தன.

இப்போது தர்மஸ்தலா என்றதும் பலருக்கு 2025-ல் வந்த புகார்களும், அதற்காக மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவும்தான் ஞாபகம் வரும். நான் போனது அதற்கு முன்னால். அது விசாரணையும் கோர்ட்டும் தீர்க்கவேண்டிய விஷயம். ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் அதில் வாயை விடுவது சரியில்லை.

பக்கத்துத் தெருப் பெண்

ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, அப்பா தறியில் கூலி, வங்கி நடத்தும் ஒரு பயிற்சி மையத்தில் ஒரு மாதம் தங்கித் தையல் கற்றுக்கொண்டு வந்தாள். தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். வந்து மெஷின் வாங்கக் கடனுக்கு எழுதிப் போட வேண்டும், தாள்களைச் சரிபார்த்துக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தாள். மையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, இது எங்கிருந்து ஆரம்பித்தது தெரியுமா என்று கேட்டேன். "கவர்மெண்ட்டுதானே அண்ணா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இதன் வேர் உஜிரேயில் இருக்கிறது, தர்மஸ்தலாவுக்குப் பக்கத்து ஊர். 1982-ல் ஹெக்கடேயின் அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து, வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ருட்செட் என்று ஒரு மையம் தொடங்கினார்கள். கற்றுக்கொடுப்பதோடு விடமாட்டார்கள். கடன் வாங்கித் தொழில் தொடங்கிவிட்டாயா என்று பின்னாலேயே வந்து விசாரிப்பார்கள். அது நன்றாக நடந்ததைப் பார்த்து, மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்க வங்கிகளை வைத்து நடத்தச் சொன்னது மத்திய அரசு.

அந்தப் பெண்ணுக்கு ஹெக்கடே யார் என்று தெரியாது. மஞ்சுநாதனையும் தெரியாது. யார் காலிலும் விழவில்லை, யார் படத்துக்கும் மாலை போடவில்லை. அந்த மையத்தில் மத்தியானச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று நோட்டில் புகார்கூட எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு என்னவோ, அந்தப் பட்டத்துக்காரர் செய்த தர்மங்களிலேயே இதுதான் உயர்த்தி என்று பட்டது. பத்ம விபூஷண், 1982-ல் நிறுத்திய 39 அடி பாகுபலி சிலை, கார் மியூசியம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். போட்டவர் யாரென்று தெரியாமல், சோற்றில் உப்பு அதிகம் என்று ஒரு கூலிக்காரர் மகள் எழுதிவைக்க முடிகிறதே.

கிரானைட் பலகையின் நாலு வரி அன்று ராத்திரியும் வரவில்லை. பெரியப்பா பெயரைப் போட்டால் அரிசி கொடுத்த ஊர் எங்கே போகும்? போடாவிட்டால் நாற்பத்தைந்து வருடம் அண்டா பக்கத்தில் நின்றவர் எங்கே போவார்? சரி, அவர் வைத்திருந்த கணக்கையாவது பார்ப்போம், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிந்தால் ஒரு வழி பிறக்கும் என்று தோன்றியது.

குறை

நோட்டுகள் பெரியம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தன. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டுகள். 1974-லிருந்து 2019 வரை, வருடத்துக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிள்ளையார் சுழி. இடது பக்கம் வரவு, வீட்டுக்கு வீடு. பெரிய வீடு, அரிசி ஒரு மூட்டை. வாத்தியார் வீடு, பருப்பு ஐந்து படி. எண்ணெய்ச் செட்டியார், எண்ணெய் ஒரு டின். வண்ணான் வீடு, அரிசி அரைப்படி. கடைசியில் காலனி: விறகு இரண்டு வண்டி, புளி ஐந்து வீசை. காலனியிலிருந்து கோயிலுக்கு அரிசி வாங்கும் வழக்கம் இல்லை. விறகும் புளியும் வாங்கலாம். இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ. எங்கள் வீட்டுக் கணக்கும் இருந்தது, நான் நினைத்த அளவுக்கு இல்லை. ரொம்பக் குறைவும் இல்லை.

வலது பக்கம் செலவு. பக்கத்தின் அடியில், கோடு போட்டு, ஒரு வரி: "பந்தி 9. குறை 3." அடுத்த வருடம், "பந்தி 8. குறை 2." அப்படியே எல்லா வருடமும். நூல் கடையில் இருபது வருடம் கணக்கு எழுதியவன் நான். குறை என்றால் துண்டு விழுந்த தொகை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று என்றால் முந்நூறா, மூவாயிரமா? வரவையும் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எல்லா வருடமும் பைசா சுத்தமாக இருந்தது. துண்டே விழவில்லை. அப்புறம் என்ன குறை? ஒரே ஒரு வருடம், 1991-ல், "மழை. வெளியூர் கூட்டம் இல்லை. பந்தி 5. குறை இல்லை" என்று எழுதி, "இல்லை"க்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

பெரியம்மா நடையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டுச் சொன்னாள். "அது காசுக் கணக்கு இல்லடா. பந்திக் கணக்கு. சாம்பார் போய்ச் சேராத பந்தி."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள், அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல் அஞ்சாறு பந்திக்கு எல்லாம் போகும். வெளியூர் ஆளுங்க, சம்பந்திங்க, நம்ம தெரு. அதுக்குள்ள சாம்பாரும் வடையும் காலி. கடைசி ரெண்டு மூணு பந்தி காலனி ஆளுங்கதானே. சோத்துல ரசத்த ஊத்தி அனுப்புவாரு. அதுக்குன்னே ரசம் ரெண்டு அண்டா வெப்பாரு. ரசம் மட்டும் கொறையவே கொறையாது."

"இன்னும் கொஞ்சம் சாம்பார் வெச்சிருக்கலாமே."

"வெச்சா மொதல் பந்தி ரெண்டாந்தரம் கேக்கும்" என்றாள் பெரியம்மா. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். பால் பொங்கினால் அடுப்பைக் குறைக்கணும் என்பதுபோல.

நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பந்தியில் இரண்டாம் தரம் கேட்டவன் யார்? நான்தான். வருடா வருடம், பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அவரே வாளிக்காரனைக் கூப்பிட்டு, "பையனுக்கு இன்னொரு கரண்டி" என்பார். எனக்கு ஊற்றச் சொன்ன அதே மனிதர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கழுவி, நோட்டை எடுத்து "குறை 3" என்று எழுதியிருக்கிறார். யாரும் கேட்காத கணக்கு. இ.ஓ.வுக்குக் காட்டவேண்டியதில்லை, ஊருக்குக் காட்டவேண்டியதில்லை. அப்படியானால் தனக்குத்தானே எழுதியிருக்கிறார். தெரிந்திருக்கிறது, உறுத்தியிருக்கிறது, மழை வந்து குறை இல்லாமல் போன வருடம் இரண்டு கோடு இழுக்கிற அளவுக்கு. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு முறையாவது பந்தியை அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கலாமே என்று கோபம் வந்தது. உடனே, தர்மகர்த்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்திருந்தால் அடுத்த வருடம் முதல் பந்திக்காரர்களின் அரிசி மூட்டை வந்திருக்குமா என்றும் தோன்றியது. இரண்டுக்கும் பதில் சொல்ல அவர் இல்லை. அந்தப் பெரியவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியது மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் அறிந்த அன்னதானம் அதுதான். அவர்கள் அடித்துக் கொடுத்த புளியில் வைத்த ரசம். அதற்கு அவர் எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

போன திருநாளுக்குக் குழுக் கூட்டத்தில், பந்தி வரிசையை மாற்றலாமா என்று பேசிப் பார்த்தேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்கே அண்ணா" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். தர்மகர்த்தா வீட்டுப் பிள்ளை சொல்கிறான் என்பதால் சிரிக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்குமேல் சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பலகை விஷயத்தை அவர்களும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கைக்காசு போட்டு இரண்டு அண்டா சாம்பார் அதிகமாக வைக்கச் சொன்னேன். சமையல்காரர், "ரசம் ஒரு அண்டா போதுமில்ல, அடுப்பு இல்லியே" என்றார். போதும் என்றேன். அந்த இரண்டு அண்டாவையும் கூத்துக் கொட்டகைக்குப் பின்னால் மூடிபோட்டு வைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் பந்தியிலிருந்து இரண்டு முறை வாளியோடு பையன்கள் வந்தார்கள். தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். பசியில் வயிறு கத்தியது. முதல் பந்தியில் உட்காராமல் விட்டது அன்றுதான் முதல் தடவை.

எட்டாவது பந்தி உட்கார்ந்தபோது மணி நாலரை. வெயில் சாய்ந்து கோயில் சுவர் நிழல் இலைகளின் மேல் விழுந்திருந்தது. வாளியை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஊற்றிப் பழக்கமில்லாத கை, பாதி இலைக்கு வெளியே போனது. நடு வரிசையில் அந்தப் பெரியவர் இருந்தார். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். சோற்றில் குழிபறித்துக் காத்திருந்தவர், கெட்டியாக விழுந்த சாம்பாரைப் பார்த்து ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். நான் அங்கேயே நின்றேன்.

"நல்லாத்தான் இருக்குது சாமி" என்றார். இன்னொரு வாய் சாப்பிட்டார். அப்புறம் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ரசம் வரலியா?"

ரசம் ஆறாவது பந்தியிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.